அரங்க ஒளியும் அசைவும்: கட்டுப்பாட்டு மேசையின் வரலாறு

நாடக அரங்கில் ஒளி, பொருளைக் காட்டுவதற்கு மட்டும் உரியதன்று. காலத்தை உணர்த்துவதற்கும் உரியது. விடியலும் அந்தியும், அச்சமும் அமைதியும் ஒளி கூடிக் குறையும் வேகத்தாலேயே பார்வையாளர் நெஞ்சில் பதிகின்றன. அவ்வேகத்தை ஆள்வது யார் என்னும் வினாவே அரங்க ஒளிக் கட்டுப்பாட்டின் வரலாற்றை ஊடுருவி நிற்கிறது.

1817இல் இலண்டன் நகரின் டிரூரி லேன், லைசியம் அரங்குகளின் மேடைகளில் எரிவாயு விளக்குகள் ஒளிர்ந்தன. குழாய்களின் திருகுகளை எல்லாம் ஓரிடத்தில் திரட்டிய எரிவாயு மேசை பின்னர் உருவாயிற்று. மேடை முழுவதையும் ஒருவரே மங்கச் செய்ய அது வழி திறந்தது. 1881இல் அந்நகரின் சவாய் அரங்கு மின்னொளி பெற்றது. காலப்போக்கில் திருகுகளின் இடத்தை மின்தடைக் கைப்பிடிகள் பிடித்தன. ஆளும் கை மட்டும் மாறவில்லை. 1935இல் பிரெடரிக் பென்தம், ஸ்டிராண்ட் நிறுவனத்திற்காக ஆர்கன் இசைக்கருவியின் விசைப்பலகையையே ஒளிக் கட்டுப்பாட்டு மேசையாக்கினார். ஒளியையும் இசைபோல் வாசிக்கலாம் என்னும் எண்ணம் அதில் உருப்பெற்றது.

வாசித்ததை நினைவில் வைக்கும் பொறுப்பு பின்னர்ப் பொறிக்குச் சென்றது. 1975இல் நியூயார்க் பிராட்வேயில் நடந்த 'எ கோரஸ் லைன்' இசைநாடகத்திற்குத் தாரன் மஸ்ஸர் நினைவகக் கன்சோலைப் பயன்படுத்தினார். அங்கு அதுவரை பலர் கூடிக் கைப்பிடிகளை இயக்கி வந்தனர். இனி ஒவ்வொரு காட்சியின் ஒளிச்செறிவும் எண்களாகப் பதிந்திருக்க, ஒருவர் பொத்தானை அழுத்தினால் போதும் என்றாயிற்று. நாள்தோறும் பிழையின்றி ஒரே ஒளி வந்தது; பலருடைய கைத்திறனுக்கு இருந்த இடம் சுருங்கியது.

1981இல் ஜெனிசிஸ் இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தில் வாரி-லைட் விளக்குகள் தாமே திரும்பின, நிறம் மாறின. செறிவோடு அசைவும் கன்சோலின் பொறுப்பாயிற்று. 1986இல் வகுக்கப்பட்ட டி.எம்.எக்ஸ். 512 என்னும் நெறி, ஒரே கம்பிவடத்தில் 512 தடங்களுக்குக் கட்டளை செலுத்த வழிசெய்தது. ஒரு தடத்தில் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. செறிவிற்கு அவை பெரும்பாலும் போதும், அசைவிற்குப் போதா. 540 பாகை சுழலும் விளக்கு ஒரு படி நகர்ந்தால், பத்து மீட்டர் தொலைவில் ஒளிவட்டம் ஓரடிக்கு மேல் தாவிவிடும். எனவே இரு தடங்களை இணைத்து 65,536 படிகள் ஆக்கினர்.

தொடக்கத்தில் ஓர் அசைவை உருவாக்க ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே பதியவேண்டியிருந்தது. 1990களில் ஹோல்ஹாக் 2 போன்ற கன்சோல்கள் அலையைக் கணக்கிடும் முறையைப் பரப்பின. ஏறியிறங்கும் அலையைச் செறிவிற்கு இட்டால், விளக்கு மூச்சுவிடுவதுபோல் ஒளிரும். அதே அலையைக் கிடைத் திருப்பத்திற்கும், கால்சுற்றுத் தாமதத்துடன் மேல்கீழ்ச் சாய்விற்கும் இட்டால் ஒளி வட்டமிடும். தாமதம் இல்லையேல் நேர்கோட்டில் ஊசலாடும். பன்னிரண்டு விளக்குகளுக்கு முப்பது முப்பது பாகையாகத் தாமதம் வகுத்தால், மேடையில் ஓர் அலை ஓடும். வீச்சு, வேகம், தாமதம் என்னும் மூன்று எண்களில் நெடுநேர உழைப்பு அடங்கிவிட்டது.

எளிமை இங்கே ஓர் இடரையும் கொணர்ந்தது. கணக்கிட்ட அலை தன் தாளத்திலேயே ஓடும். நடிகர் ஒரு சொல்லுக்குமுன் தயங்குவதை அது அறியாது. மனிதக் கண்ணோ, அசையாத முகத்தைவிட அசையும் ஒளியையே முதலில் நாடும். ஆகவே துயரக் காட்சியில் தேவையற்றுச் சுழலும் விளக்கு, நடிப்பைத் துணைசெய்யாமல் மறைத்துவிடும். ஆடுபவரின் அடியை நோக்கித் தாளம் தட்டும் நட்டுவனாரைப்போல, நடிகரின் மூச்சை நோக்கி வீச்சைக் குறைத்து, வேகத்தைத் தணித்து, உரிய கணத்தில் தொடங்கவும் நிறுத்தவும் ஒருவர் வேண்டும். பல கைகள் செய்த பணியை ஒரு விரலுக்குச் சுருக்கியது இவ்வரலாறு. அவ்விரலுக்குரியவர் மேடையை உற்றுநோக்கவேண்டிய கடமையை அது சுருக்கவில்லை.