தண்ணீர் வாரியமும் ராஜப்பாவும்

இங்கே நியூ ஜெர்சியில் எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் பெங்களூர்ப் பேச்சு வந்துவிடும். தங்கச்சி பையன் ஒயிட்ஃபீல்டில், மச்சினர் பொண்ணு எலெக்ட்ரானிக் சிட்டியில். ஆட்குறைப்பு என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் எல்லோரிடமும் ஒரே பதில்தான்: "ஐடிக்கு ஏதுங்க தொழிலாளர் சட்டம்? அதெல்லாம் மில்லுக்கும் ஃபேக்டரிக்கும்."

இந்த ஊரில் பெரும்பாலும் காரணம் சொல்லாமலே வேலையை விட்டு நிறுத்தலாம். அதைப் பார்த்துப் பழகி, நம்ம ஊரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. அதற்கு அதே பெங்களூரில் ஆரம்பித்த ஒரு வழக்கே சாட்சி.

பெங்களூர் குடிநீர் வடிகால் வாரியத்தில் ராஜப்பாவுக்கும் இன்னும் சில ஊழியர்களுக்கும் ஒழுங்கீனம் என்று அபராதம் போட்டுப் பணத்தைப் பிடித்தார்கள். முறையாக விசாரிக்காமல் பிடித்தது தப்பு என்று அவர்கள் 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளர் நீதிமன்றம் போனார்கள். பணத்தைப் பற்றி வாரியம் பேசவே இல்லை. நாங்கள் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு, 'தொழில்' இல்லை, ஆகவே இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்றது. தொழிலாளர் நீதிமன்றம் ஏற்கவில்லை, உயர் நீதிமன்றமும் ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் 7 நீதிபதிகள் முன்னால் போய் நின்றது.

1978 பிப்ரவரி 21 அன்று தீர்ப்பு. முக்கியமான தீர்ப்பை எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், படிப்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னையிலும். 1938 முதல் தலச்சேரியில் வக்கீல். தொழிலாளிகளுக்கும் குடியானவர்களுக்கும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948ல் ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். அப்புறம் 1957ல் கேரள அமைச்சர், 1973ல் உச்ச நீதிமன்ற நீதிபதி.

அவர் சொன்னது எளிமையானது. முறைப்படி நடக்கும் வேலையா? முதலாளியும் ஊழியரும் சேர்ந்து செய்வதா? மக்களுக்குப் பொருளோ சேவையோ கிடைக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது தொழில்தான், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆஸ்பத்திரி, கல்லூரி, கிளப் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

நிர்வாகங்கள் சும்மா இருக்குமா? 1982ல் ஆஸ்பத்திரியையும் கல்வி நிலையங்களையும் விலக்கித் திருத்தம் வந்தது. அந்தப் பகுதியைக் கடைசி வரை அமலாக்கவே இல்லை :-) 2017ல் இந்தக் கேள்வியை 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினார்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. தர்ம ஸ்தாபனங்கள் போன்ற சிலவற்றை அது வெளியே வைத்தாலும், தொழில் என்றால் என்ன என்பதற்கு கிருஷ்ணய்யர் சொன்ன அடிப்படையே அதிலும் இருக்கிறது.

கம்பெனி உள்ளே வந்தாச்சு. ஊழியர் வருவாரா? அங்கேதான் வக்கீலின் வேலை. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருப்பது போதாது. தினமும் என்ன வேலை செய்கிறார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். தொழில்நுட்ப வேலை, குமாஸ்தா வேலை எல்லாம் பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. கர்நாடகத்தில் ஐடி ஊழியர்களுக்கென்றே 2017ல் ஒரு சங்கமும் பதிவானது.

என் சொந்தக்காரப் பையன் ஒருவனை, அவன் வேலை பார்த்த கம்பெனியில் அறைக்குள் உட்காரவைத்து, உடனே ராஜினாமா மெயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டான். பிறகு பார்த்த வக்கீல் முதலில் கேட்டது, "ஏம்ப்பா அனுப்பினே?" தானாக விலகியவனுக்கு வழக்கு நடத்துவது ரொம்பக் கஷ்டம்.

அதனால் ஊருக்கு ஃபோன் பண்ணும்போது பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல் இருக்கட்டும். எந்தக் காகிதத்திலும் அன்றைக்கே கையெழுத்து வேண்டாம். ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு, ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போடட்டும்.