துறவும் உழைப்பும்

சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் 1947இல் பழஞ்சுருள்கள் வெளிப்பட்டன. அவை எசேனியர் என்னும் பண்டை யூதப் பிரிவினருடையவை என்பர் அறிஞர் பலர். ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் இறுதிப் போர் மூளும் என்பது அச்சுருள்கள் காட்டும் நம்பிக்கை. மழை வெள்ளத்தை வாய்க்கால் வழியே தொட்டிகளிற் சேர்த்து அவர்கள் அப்பாலையில் வாழ்ந்தனர். எசேனியர் உடைமையைப் பொதுவாக்கி, நீராடியபின் ஒரே பந்தியில் உண்டனர் என்கிறார் ஜொசிபஸ். அவர்களிடையே அடிமை ஒருவரும் இலர். யாவரும் தாமே உழைத்தனர் என்கிறார் பிலோ. இருவரும் முதலாம் நூற்றாண்டினர்.

நம் நாட்டிலும் செல்வ மடங்களை வெறுத்துக் காடு புகுந்த துறவியர் இருந்தனர். கந்தலே உடுக்கும் நோன்பு பூண்ட பாம்சுகூலிக பிக்குகள் அவர்கள். முதலாம் சேனன் (833–853) அவர்களுக்கு ரிட்டிகல மலையில் மடம் அமைத்தான். பெரும் வருவாயோடு அடிமைகளையும் வழங்கினான் எனச் சூளவம்சம் கூறுகின்றது.

அவர்தம் நோன்பை நாம் குறைகூறவில்லை. கந்தல் உடுத்தவர்க்குச் சோறு விளைத்தவர் எவர் என்றே கேட்கின்றோம். எசேனியரிடம் இதற்கு விடை, தாமே என்பது; ரிட்டிகலவிலோ விடை, அடிமை. கொழுந்துக்கூடை சுமப்போரிடையே, நாவலப்பிட்டியில் வாழும் நாம், மடம் கட்டிய மன்னன் பெயரோடு இவ்வினாவையும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.