திரையிசைத் தொழிலும் காவிரி வடகரையும்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். இம்மூன்றும் ஓரிடத்தே கூடி நிற்றற்கு இக்காலத்தில் திரைப்படத்தைக் காட்டிலும் வேறோர் அரங்கு இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர், மாதவி ஒருத்தி அரங்கேறுதற்கு எத்தனை பேர் உழைத்தனர் என்பதை அறிவர். ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என அடிகள் ஒவ்வொருவர்க்கும் தனித்தனி இலக்கணம் கூறுகின்றார். அரங்கின் முன் நின்றவள் ஒருத்தி. பின் நின்றவர் பலர். அவ்வாறு பின் நிற்போரது தொழிலைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் சில சொல்ல விழைகின்றோம்.

நம் சங்கத்து ஏட்டில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். பள்ளியாசிரியராகிய நம்மிடம் பெற்றோர் பலர் கேட்கும் வினாவே இதற்குக் காரணம். “பையனுக்குச் செவி நன்றாக இருக்கிறது, எதைக் கேட்டாலும் உடனே வாசித்து விடுகிறான். இதை நம்பிப் பிழைக்க முடியுமா?” என்பதே அவ்வினா. ஒரு சாரார், இது கூத்தாடித் தொழில் என்று இகழ்ந்து, பிள்ளையின் கைக்கருவியைப் பறித்துப் பரண்மேல் வைக்கின்றனர். மற்றொரு சாரார், தொலைக்காட்சிப் போட்டிகளைக் கண்டு மயங்கி, சுருதி நிற்குமுன்னரே பிள்ளையை மேடையேற்றுகின்றனர். இரு திறத்தாரும் இத்தொழிலின் வரலாற்றை அறியாதவரே. அவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று: இசையமைப்பாளருள் புகழ்பெற்றோர் பலரும் முதலில் இரண்டாம் இருக்கையில் அமர்ந்து, பிறர்க்குத் துணைக்கருவி வாசித்தே மேலெழுந்தவர்கள்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் தொட்டியத்திலிருந்து காவிரியின் வடகரைச் சாலையிற் கிழக்கு நோக்கிச் செல்வோமாயின் முசிறி வரும், குணசீலம் வரும், முக்கொம்பில் ஆறு பிரிந்தபின் கொள்ளிடக் கரையில் உத்தமர்கோயில் என வழங்கும் பிச்சாண்டார்கோவில் வரும், அப்பாற் சென்றால் இலால்குடி. முசிறியைத் தம் பெயரோடு கொண்ட சுப்பிரமணிய ஐயர் (1899–1975) கச்சேரி மேடையில் வேந்தராய் விளங்கியவர். 1938-இல் ‘துக்காராம்’ என்னும் ஒரு படத்தில் நடித்தார். பின்னர் மத்திய கருநாடக இசைக் கல்லூரியின் முதல்வராய்ப் பணியாற்றினார். இலால்குடி ஜெயராமன் (1930–2013) வயலினிற் பெரும்புகழ் எய்தியபின், முதுமையில் ‘சிருங்காரம்’ படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருது பெற்றார். இவ்விருவரும் கச்சேரி மேடையினின்று திரைக்கு விருந்தினராய் வந்தவர். திரையையே தம் தொழிற்களமாகக் கொண்டு வாழ்ந்தவர் பிச்சாண்டார்கோவில் ஜி. இராமநாதன் ஆவார்.

அவரது பெருமையை உணர வேண்டின், அவர் புகுந்த களம் எத்தகையது என முதலில் அறிதல் வேண்டும். நம் திருச்சிராப்பள்ளிக்கும் திரைப்படத்துக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. 1905-இல், இங்கே தென்னிந்திய இரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படங்காட்டுங் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கொண்டு சென்று காட்டினார். அவை ஊமைப்படங்கள். 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வெளிவந்தபோதுதான் திரை தமிழிற் பேசத் தொடங்கிற்று. அதுவும் பம்பாயில் எடுக்கப்பட்டதே. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஒலியுடன் கூடிய நிலையம் அமைத்து ‘ஸ்ரீநிவாச கல்யாணம்’ எடுத்தார். அப்படத்தின் ஒலிப்பதிவைச் செய்தவர் அவருடைய மனைவியார் மீனாட்சி அம்மையார். தென்னாட்டில் முதன்முதல் எடுத்த பேசும்படத்துக்கு ஒலி பதிந்தது ஒரு பெண்மணியின் கை என்பதை, பெண்மக்களைப் பெற்றோர் மறவாதிருப்பாராக.

அக்காலத்தே பாடலும் நடிப்பும் ஒரே வேளையில் நிகழ வேண்டும். நடிகர் பாடிக்கொண்டே நடிப்பார்; வாத்தியக்காரர் படக்கருவியின் கண்ணிற் படாதவாறு மறைவில் அமர்ந்து வாசிப்பர். ஒருவர் தவறினும் முழுவதையும் மீண்டும் எடுக்க வேண்டும். 1938-இல் ‘நந்தகுமார்’ படத்திலேயே நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்னும் பின்னணி முறை தமிழில் தலைகாட்டிற்று. இம்முறை வேரூன்றிய பின்னரே இசையமைத்தல் என்பது தனித்தொழிலாய் நிலைபெற்றது.

இந்நிலையிற் புகுந்தவரே இராமநாதன். இவருடைய தமையனார் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். தமையனார் கதை சொல்ல, தம்பியார் ஆர்மோனியம் வாசித்தார். இவர் கற்ற கல்லூரி அதுவே. கதாகாலட்சேபத்தில் துணைக்கருவி வாசிப்போன் பாட்டை மட்டும் அறிந்தாற் போதாது. சோகம் போய் வீரம் வரும்போது இராகமும் உடன் மாற வேண்டும். பாகவதர் எவ்விடத்தில் நிறுத்துவார், எவ்விடத்தில் தொடுப்பார் என்பதை முகக்குறிப்பால் உணர வேண்டும். பிற்காலத்தே காட்சிக்கு ஏற்ப இசை அமைக்கும் திறன் இவருக்கு வாய்த்ததற்கு இப்பயிற்சியே விதை என்பது நம் துணிபு.

திரையுலகிலும் இவர் பிறர்க்குத் துணைநிற்கத் தயங்கினாரல்லர். திருச்சியில் வளர்ந்து பெரும்புகழ் கொண்ட எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிவகவி’ (1943), ‘ஹரிதாஸ்’ (1944) ஆகிய படங்களில், பாபநாசம் சிவன் பாடல் இயற்றி மெட்டும் அமைக்க, அவற்றுக்கு வாத்திய இசை சேர்க்கும் பணியை இராமநாதன் ஏற்றார். மெட்டு என்பது உடல். அதற்கு அணியும் ஆடையும் போன்றது வாத்திய அமைப்பு. பிறர் மெட்டுக்கு அணிசெய்த கையே தானும் மெட்டமைத்து ஓங்கிற்று.

1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் ‘மந்திரி குமாரி’ படத்தை வெளியிட்டனர். அதில் கணவன் தன் மனைவியை மலையுச்சிக்கு இன்மொழி கூறி அழைத்துச் செல்கின்றான். அவன் உள்ளக் கருத்தோ அவளைக் கீழே தள்ளுவது. அங்கு வரும் பாடலை நம் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினர். வஞ்சகம் நெஞ்சில் இருக்க, இனிமை மட்டும் செவியில் விழ வேண்டும். அதைச் செய்து காட்டினார் இராமநாதன். ‘தூக்குத் தூக்கி’ (1954) படத்திலே டி. எம். சௌந்தரராஜனைச் சிவாஜி கணேசனுக்குப் பாடச் செய்தார். அக்குரற்கூட்டு பல்லாண்டு நிலைத்ததை யாவரும் அறிவோம். ‘சாரங்கதரா’வில் (1958) சாருகேசி இராகத்தை, இராகப்பெயர் அறியாத உழவனும் முணுமுணுக்கச் செய்தார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) படத்துக்கு அமைத்த இசைக்காக 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றார். ‘கப்பலோட்டிய தமிழ’னில் (1961) பாரதியார் பாடல்களுக்கு அவர் இசை வகுத்த முறை தமிழ்ப் புலவர் போற்றத் தக்கது, ஓசை சொல்லை விழுங்காமல், ஒவ்வொரு சொல்லும் தெளிவுறக் கேட்கும். 1963-இல் அவர் மறைந்தார்.

இத்தொழிலின் நுட்பத்தையும் சிறிது நோக்குவோம். தொல்காப்பியனார் எழுத்துக்கு மாத்திரை அளவு கூறினார். கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் அதற்கு அளவுகள். திரையிசைக்கும் அத்தகைய மாத்திரைக் கணக்கு உண்டு. படச்சுருள் நொடிக்கு 24 படங்களாக, நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிடப் பாட்டெனின் 270 அடி. கதவு திறக்கும் கணத்திலோ, கண்ணீர் துளிர்க்கும் கணத்திலோ இசை எழ வேண்டுமாயின், அக்கணத்தை அடிக்கணக்கில் அளந்தே எழுதியாக வேண்டும். பாடல் ஒரு பகுதியே. படம் முழுதும் தொகுத்தபின் பின்னணி இசை சேர்ப்பதும், காலடி, காற்று, மழை முதலிய ஒலிகளை அமைப்பதும், உரையாடலும் இசையும் ஒன்றையொன்று மறையாதவாறு கலப்பதும் வேறு வேறு பணிகள். வேறு வேறு மனிதர்க்குப் பிழைப்புத் தருவன. படச்சுருள் போய்க் கணிப்பொறி வந்த இந்நாளிலும் கணத்தை அளந்து இசை எழுதும் தேவை மாறவில்லை.

இரண்டாம் இருக்கையின் பெருமைக்கு இராமநாதன் ஒருவரே சான்று அல்லர். இளையராஜா, ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராய் இருந்து பயின்ற பின்னரே ‘அன்னக்கிளி’யில் (1976) வெளிப்பட்டார். ஏ. ஆர். ரகுமான் இளமையிலே தந்தையை இழந்து, பிறருடைய இசைக்குழுவில் விசைப்பலகை வாசித்தும், விளம்பரங்களுக்கு இசையமைத்தும், பின்னரே ‘ரோஜா’வுக்கு (1992) வந்தார். தொலைக்காட்சியிலோ, எல். வைத்தியநாதன் ‘மால்குடி டேஸ்’ தொடருக்கு அமைத்த சிறிய முகப்பிசை ஒன்றே நாடு முழுதும் அவர் கைவண்ணத்தைக் கொண்டு சேர்த்தது. 2009-இல் ரகுமான் ஆஸ்கார் பெற்ற அதே அரங்கில், ஒலிக்கலவைக்கான பரிசைப் பெற்றவருள் ஒருவர் கேரளத்துச் சிற்றூரிற் பிறந்த இரசூல் பூக்குட்டி. அவர் பாடவுமில்லை, மெட்டமைக்கவுமில்லை. பூனாத் திரைப்படப் பயிற்சி நிலையத்தில் ஒலியைக் கற்றார்.

இனி இத்தொழிலின் இடரையும் மறைத்தல் கூடாது. முன்னர் ஒரு பாட்டுக்குப் பலர் கூடி வாசித்தனர். இப்பொழுது ஒருவரே கணிப்பொறிமுன் அமர்ந்து முடித்து விடுதலும் உண்டு. இதனால் வயலினும் குழலும் வாசித்துப் பிழைத்த குடும்பங்கள் பல வருந்தின. வருவாய் மாதச் சம்பளம் போல் ஒழுங்காய் வருவதன்று. உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டு ஏமாந்தோரும் பலர். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், திரைப்பாடல் இயற்றியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் உரிமைத்தொகையிற் பங்கு உண்டு என்றும், அப்பங்கை அவர்கள் பிறர்க்கு எழுதிக்கொடுத்துவிட இயலாது என்றும் விதித்தது. ஆகவே ஸ்வரம் கற்கும் பிள்ளை ஒப்பந்தம் படிக்கவும் கற்க வேண்டும்.

அன்பர்களே! தொட்டியத்தில் மதுரகாளியம்மன் திருவிழாவின்போது எழும் மேளமுழக்கத்தில் வளரும் பிள்ளைகட்குச் செவிக்குக் குறைவில்லை. குறைவெல்லாம் வழிகாட்டுவாரின்மையே. ஆதலால் மூன்று செயல்களை நம் சங்கத்தார்முன் வைக்கின்றோம். முதலாவது, பிள்ளைக்கு ஒரு கருவியைப் பழுதறக் கற்பித்து, திருவிழாவிலும் பஜனையிலும் நாடகத்திலும் பிறர்க்குத் துணையாய் வாசிக்கப் பழக்குக. ஆசிரியர் எக்குலத்தவராயினும் அவரை நாடுக. ஒலிவாங்கிக்குச் சுருதி தெரியுமேயன்றிக் குலம் தெரியாது. இரண்டாவது, பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தாது முடித்து, சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்படப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் ஒலிப்பதிவுக் கல்வி பெற முயல்க, பெண்மக்களையும் அனுப்புக. மூன்றாவது, சங்கத்துக் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவர்க்கேனும் கருவி வாங்க உதவுதல் வேண்டும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் உதவும் நம் கை, செவிச்செல்வம் உடைய ஏழைப்பிள்ளைக்கு மட்டும் மூடியிருத்தல் முறையன்று.

தமையனார் பக்கத்தில் ஆர்மோனியத்தோடு அமர்ந்த பிச்சாண்டார்கோவில் இளைஞனை அன்று வீட்டார் தடுத்திருப்பின், தமிழகம் எத்துணைப் பாடல்களை இழந்திருக்கும்! நம் வீட்டில் அத்தகைய பிள்ளை ஒன்று இருக்கலாம். பரண்மேல் வைத்த கருவியைக் கீழே இறக்குங்கள்.