அவுரியில் பிறந்த எண்ணெய்

1826-இல் ஜெர்மனியில் ஓட்டோ உன்வெர்டோர்பன் என்ற இளைஞர் அவுரி நீலத்தைச் சூடேற்றி வடித்துப் பார்த்தார். நீலம் சிதைந்து, நிறமில்லாத எண்ணெய் ஒன்று சொட்டியது. அமிலத்தோடு சேர்ந்ததும் அழகான படிகங்களைத் தந்ததால் அதற்குக் ‘கிரிஸ்டலின்’ என்று பெயர் வைத்தார். நம் மேல்நிலைப் பள்ளி ஆய்வகங்களில் பழுப்புக் கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கும் அனிலீனின் முதல் பிறப்பு அதுதான்.

அதற்கு இன்னும் மூன்று பிறப்புகள் உண்டு. அக்காலத்தில் தெருவிளக்குக்கு எரிவாயு எடுக்க நிலக்கரியைச் சுட்டார்கள். மிஞ்சிய கருந்தார் யாருக்கும் பெரிதாகப் பயன்படாத கழிவு. பெர்லினுக்கு அருகே ஒரானியன்பர்க் ஊரின் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபிரீட்லீப் ரூங்கே, 1834-இல் அந்தத் தாரைப் பிரித்து ஓர் எண்ணெயை எடுத்தார். சலவைத்தூள் கரைசலை விட்டதும் அது நீல ஊதாவாக மாறியது. அவர் இட்ட பெயர் ‘கயனால்’. ஆறு ஆண்டுகள் கழித்து ஃபிரிட்ஷே என்ற வேதியியலாளர் அவுரி நீலத்தை எரிபொட்டாஷுடன் காய்ச்சி எடுத்ததற்கு ‘அனிலீன்’ என்று பெயரிட்டார். 1842-இல் ரஷ்யாவின் கசான் நகரில் நிக்கோலாய் சீனின் நைட்ரோபென்சீனை ஒடுக்கி ஓர் எண்ணெய் செய்தார். அது ‘பென்சிடாம்’ ஆனது. செடியில் இரண்டு, தாரில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று என்று வெவ்வேறு பொருள்களாகவே இவை கணக்கில் இருந்தன.

கீஸன் நகரில் லீபிக்கிடம் பயின்ற ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன், 1843-இல் இந்தக் கணக்கைத் தீர்த்தார். தாரிலிருந்து காரத்தன்மை கொண்ட எண்ணெயைப் பிரித்துச் சுத்தம் செய்தார். அதன் உப்புகளைப் படிகமாக்கினார். கரி, ஹைட்ரஜன், நைட்ரஜன் விகிதத்தை அளந்தார். நிறச் சோதனைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். நான்கும் ஒரே பொருள் என்று நிறுவினார். அனிலீன் என்ற பெயர் நிலைத்தது. வயலிலிருந்து வந்தாலும் புகைபோக்கி அடியிலிருந்து வந்தாலும், குணங்கள் எல்லாம் ஒத்துப்போனால் பொருள் ஒன்றே. இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். உயிருள்ளவற்றில் விளையும் பொருளுக்குத் தனிச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை முற்றாக ஓயாத காலத்தில் இதைச் சொல்ல, அளந்து எடுத்த சான்று தேவைப்பட்டது. கரிம வேதியியல் மாணவருக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் கதை இதுதான்.

அடுத்த திருப்பம் பலரும் அறிந்தது. ஹாஃப்மன் லண்டனில் பேராசிரியராக இருந்தபோது அவருடைய உதவியாளர் வில்லியம் பெர்க்கினுக்குப் பதினெட்டு வயது. 1856 ஈஸ்டர் விடுமுறையில் வீட்டு ஆய்வகத்தில் கொய்னா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். அனிலீனை டைகுரோமேட்டுடன் சேர்த்ததில் கறுப்பு வண்டல்தான் கிடைத்தது. சாராயத்தில் கழுவியபோது ஊதா நிறம் இறங்கியது. அவருடைய அனிலீன் சுத்தமானதாக இருந்திருந்தால் அந்த ஊதா வந்திருக்காது. அதில் கலந்திருந்த டொலுயிடின்கள்தான் சாயத்துக்குக் காரணம். மறு ஆண்டே தொழிற்சாலை எழுந்தது. ஜெர்மனியில் 1865-இல் தொடங்கிய பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் தன் பெயரிலேயே அனிலீனைச் சுமந்தது.

1858-இல் பீட்டர் கிரீஸ் அனிலீன் போன்ற அமீன்களை நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரியச் செய்து டையசோ சேர்மங்களைக் கண்டுபிடித்தார். பிறகு இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராகச் சேர்ந்தார். பகலில் அங்கே வேலை, மிஞ்சிய நேரத்தில் டையசோ ஆராய்ச்சி. அவர் வகுத்த வழியில்தான் நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சாயச் சோதனை செய்கிறார்கள்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அனிலீன் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உப்பாகி உடனே கரையும். காரம் என்பதற்கு முதல் சாட்சி அதுவே. சோதனைக்குழாயைப் பனிக்கட்டியில் வைத்து, குளிர்ந்த சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட வேண்டும். உருவாகும் டையசோனியம் உப்பு 0 முதல் 5 டிகிரி வரைதான் தாங்கும். சூடு ஏறினால் நைட்ரஜன் குமிழிட்டு வெளியேறும், மிஞ்சுவது ஃபீனால். சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்த பீட்டா நாப்தாலை ஊற்றினால் கண்ணெதிரே செஞ்சாயம் திரண்டு நிற்கும். பொதுத்தேர்வுக்கு முந்தைய வெயிலில் பனிக்கட்டி கரைந்துபோன தட்டில் இதைச் செய்தால் பழுப்புக் கலங்கல்தான் வரும். ஐஸ் வாங்கித் தராமல் சோதனை வரவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வது நியாயமில்லை.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. புட்டியின் நிறத்தையும் மீன் வாடையையும் வைத்தே அனிலீன் என்று முடிவெடுத்து, அனுமானத்தை ரெக்கார்டிலிருந்து ஒப்பிக்கப் பழக்கிவிடுகிறோம். அந்தப் பழுப்பு, காற்றுப் பட்டு வந்தது. புதிதாக வடித்த அனிலீனுக்கு நிறமே கிடையாது. பெயரை ஊகித்துவிட்ட பிள்ளை, ஹாஃப்மன் செய்த வேலையைச் செய்யாமலே வெளியே வருகிறது. முகர்ந்து பார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அனிலீன் ஆவியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். ஹீமோகுளோபினை மாற்றி ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கும். உதடு நீலம் பாரிக்கும். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பை புற்றுநோய் வருவதை ஃபிராங்க்ஃபர்ட் அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் 1895-லேயே எழுதினார். பிற்காலத்தில் பென்சிடின், பீட்டா நாப்தைலமீன் ஆகியவற்றின் மேல்தான் வலுவான குற்றம் விழுந்தது என்றாலும், கையுறையும் காற்றோட்டமும் அனிலீனுக்கும் கட்டாயம்.

இனி அவுரிக்குத் திரும்பலாம். எந்தச் செடியின் நீலத்தைச் சிதைத்து அனிலீனை எடுத்தார்களோ, அந்த நீலத்தையே அனிலீனிலிருந்து கட்டும் வழி தேடினார்கள். பி.ஏ.எஸ்.எஃப். 1897-இல் நாப்தலீனில் தொடங்கிச் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1901-இல் யோஹான்னஸ் ஃபிளேகர், அனிலீனிலிருந்து கிடைக்கும் ஃபினைல்கிளைசினைச் சோடமைடுடன் உருக்கி நீலமாக்கும் முறையைக் கொடுத்தார். இன்றைய ஜீன்ஸ் துணியின் நீலம் பெரும்பாலும் இந்த அனிலீன் பாதையில் வந்ததே. செயற்கை நீலத்தின் அடி இந்திய வயல்களில் விழுந்தது. பீகாரின் சம்பாரணில் ஒரு பிகா நிலத்தின் இருபது கட்டாவில் மூன்றில் அவுரி பயிரிட வேண்டும் என்பது குடியானவர் மேல் இருந்த கட்டாயம். ஜெர்மன் நீலம் வந்து விலை சரிந்ததும், தோட்ட முதலாளிகள் கூடுதல் குத்தகையும் ஈட்டுத்தொகையும் கேட்டு நட்டத்தைக் குடியானவர் தலையில் கட்டினார்கள். 1917-இல் காந்தி அங்கே போனதற்கு இதுவும் காரணம். சென்னை மாகாணத்தின் தென்னாற்காட்டிலும் அவுரி விரிவாக விளைந்த காலம் உண்டு. திண்டிவனம் பக்கம் இன்றும் அது பயிராகிறது.

கிரீஸின் வினை வேறொரு வேலைக்கும் போனது. நைட்ரைட்டை விட்டு அமீனைக் கண்டுபிடிப்பது மாணவர் செய்வது. அதையே திருப்பிப் போட்டால், தெரிந்த அமீனைக் கொண்டு நைட்ரைட்டைக் கண்டுபிடிக்கலாம். குடிநீரில் நைட்ரைட் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அப்படி வந்தது. சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவமனையில் முக்கி எடுக்கும் காகிதப் பட்டையிலும் அனிலீனின் உறவுச் சேர்மம் ஒன்று காத்திருக்கிறது. பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றியிருந்தால் அந்தக் கட்டம் ஒரு நிமிடத்தில் இளஞ்சிவப்பாகும்.