நாகதீப மரபும் வேட்கை தணிக்கும் உபாயங்களும்

குடியை விட இயலாதவனை மனவுறுதியற்றவன் என்று பழித்தொதுக்குதல் உலக வழக்கு. வேட்கையை வெல்ல வேண்டுவது வலிமை ஒன்றே என்னும் எண்ணமே அப்பழிப்பின் அடிப்படையாகும். ஆயின், யாழ்ப்பாணத்துத் தீவுகளோடு தொடர்புற்ற பழைய மரபுகளை நோக்குமிடத்து, அங்கே வலிமையினும் உபாயமே முதன்மை பெற்றிருந்தமை புலனாகின்றது.

நயினாதீவு இன்று நாகபூஷணி அம்மன் ஆலயத்தாலும் நாகதீப விகாரையாலும் சைவர், பௌத்தர் ஆகிய இரு சாராரும் போற்றும் தலமாக விளங்குகின்றது. பண்டைக்காலத்தில் நாகதீபம் என்னும் பெயர் குடாநாடு முழுவதையும் குறித்தது என்பர் ஆய்வாளர். 1936ஆம் ஆண்டு வல்லிபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட, வசப மன்னன் காலத்துப் பொன்னேடு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். புத்தர் நாகதீபத்துக்கு வந்த கதையை மகாவம்சம் கூறும். மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருகனுமாயினோர், ஒரு மணியாசனத்தின் பொருட்டுப் போருக்கெழுந்தனர். புத்தர் முதலிற் போர்க்களத்தை இருளால் மூடினார். பின்னர் ஒளியைப் பரப்பினார். அதன் பின்னரே அறமுரைத்தார். அரசர் இருவரும் ஆசனத்தைத் துறந்தனர். இக்கதையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளுதல் இயலாது. எனினும் அதன் ஒழுங்குமுறை சிந்திக்கற்பாலது. சினம் மிக்கோருக்கு உடனே அறமுரைக்கப்படவில்லை. அவர்தம் பார்வை முதலில் அவாவிய பொருளினின்றும் அகற்றப்பட்டது.

இவ்வொழுங்குமுறையின் விரிவான விளக்கத்தைப் பாளி மொழியிலுள்ள மச்சிம நிகாயத்தின் இருபதாம் சூத்திரத்திற் காணலாம். தீய எண்ணம் எழும்போது கையாளத்தக்க உபாயங்கள் ஐந்தினை அது வரிசைப்படுத்துகின்றது. முதலாவது, அவ்வெண்ணத்தின் இடத்தில் நல்லெண்ணம் ஒன்றை வைத்தல். தச்சன் சிற்றாப்பினால் பேராப்பை அடித்து வெளியேற்றுதல் இதற்கு உவமை. இரண்டாவது, அதனால் விளையும் கேட்டை எண்ணிப் பார்த்தல். மூன்றாவது, காண விரும்பாத காட்சிக்குக் கண்ணை மூடுபவன்போல் அதனைப் பொருட்படுத்தாது விடுதல். நான்காவது, விரைந்து நடப்பவன் நடையைத் தளர்த்தி, நின்று, இருந்து, கிடப்பதுபோல எண்ணத்தின் வேகத்தைப் படிப்படியாகத் தணித்தல். இவை யாவும் பயனளிக்காதவிடத்தே, பல்லைக் கடித்து, மனத்தை மனத்தால் அடக்குதல் ஐந்தாவதாகக் கூறப்படுகின்றது. வலிமை இறுதியில் வைக்கப்பட்டமை கருதற்பாலது.

தமிழிலே இம்மரபைப் பேணிய பெருநூல் மணிமேகலை. அதில் வரும் மணிபல்லவத்தை நயினாதீவாகக் கொள்வாரும் உளர். புத்த பீடிகையின் பொருட்டு நாக மன்னர் பொருத செய்தி அந்நூலிலும் இடம்பெறுகின்றது. நாகரைப் பற்றிய மற்றொரு கதை, களம் வேறாயினும், நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. ஆதிரையின் கணவனாகிய சாதுவன் கணிகையிடத்தும் சூதிலும் பொருளிழந்து, கடல் வாணிகம் மேற்கொண்டு, கலமுடைந்து, நாகர் வாழும் மலையை அடைகின்றான். நாகர் தலைவன் மங்கையும் கள்ளும் ஊனும் அளிக்க முன்வர, அவற்றை மறுக்கின்றான். வேட்கையால் ஒருமுறை வீழ்ந்தவனே அதனை மறுப்பவனாகவும் காட்டப்படுதல் இக்கதையின் சிறப்பாகும். தமக்கு இயன்ற அறத்தைக் கூறுமாறு தலைவன் வேண்ட, ஊனுணவை அறவே விடுக என்று சாதுவன் கூறவில்லை. கலமுடைந்து வருவோரைக் கொல்லாதிருக்கவும், மூத்து இறந்த விலங்கினைத் தவிர வேறுயிர்க்குத் தீங்கு செய்யாதிருக்கவுமே கூறினான். கேட்போரின் நிலையறிந்து சிறு படியொன்றைக் காட்டும் முறை இது.

திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. களித்தவனுக்குக் காரணங் காட்டித் தெளிவித்தல் வீண்முயற்சி என்று கூறும் வள்ளுவர், தான் உண்ணாதபோது பிறன் களித்திருத்தலைக் கண்டு தன் நிலையை உணருமாறு குடிப்பவனைத் தூண்டுகின்றார். மேற்கூறிய இரண்டாம் உபாயத்தின் சாயலை இங்கே காணலாம். சைவரின் விரத மரபிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கந்தசஷ்டி ஆறு நாட்களுக்கு என வரையறுக்கப்பட்டது. கேதாரகௌரி விரத முடிவிற் கையிற் கட்டப்படும் காப்பு, எடுத்த உறுதியைக் கண்முன் நிறுத்துகின்றது. ‘என்றும் வேண்டாம்’ என்பதினும் ‘இந்நாட்களில் வேண்டாம்’ என்பது மனத்துக்கு எளிதன்றோ?

தற்கால உளவியலும் இம்முடிவுக்கு அண்மையில் வந்துள்ளது. கவனா, அன்ட்ராட், மே ஆகிய ஆய்வாளர் மூவர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட கோட்பாட்டின்படி, மனத்தில் விரியும் தெளிவான காட்சிகளே வேட்கையை வளர்க்கின்றன. வேறொரு காட்சியைக் கற்பனை செய்யின் அவற்றுக்கு மனத்தில் இடம் குறைந்து வேட்கையும் தணிகின்றது. தச்சனின் சிற்றாப்பு இங்கே ஆய்வுகூட மொழியிற் பேசப்படுகின்றது எனலாம்.

இவ்வுபாயங்கள் எல்லா நோய்க்கும் மருந்தாகா. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைக்கலாமாகையால், அவர்க்கு மருத்துவரின் துணை இன்றியமையாதது. ஆயினும் இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. வேட்கைக்கு ஆட்பட்டவனிடம் இல்லாதது பெரும்பாலும் வலிமையன்று. கற்றுக்கொடுக்கப்படாத ஒரு முறையே. வலிமை இல்லையென்று பழித்தல் எளிது. முறையைக் கற்பித்தல் சமூகத்தின் கடன். நாகதீபத்துக் கதையிலே போரிட்டோர் பழிக்கப்படவில்லை. அவர்களுக்கு வழி காட்டப்பட்டது.