ஆலை மருத்துவ அறையும் ஒரு ரகசியமும்: புதுச்சேரியில் எச்.ஐ.வி. தொழிலாளர் பராமரிப்பின் சட்ட வரலாறு

நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது குற்றம் என்ற சட்டம் புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1819 ஜனவரி ஆணையின் வழியே பிரெஞ்சுத் தண்டனைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதன் 378ஆம் பிரிவு மருத்துவர், மருந்தாளர், மருத்துவச்சி ஆகியோரோடு நிற்கவில்லை. தொழிலின் காரணமாகப் பிறர் ரகசியம் அறிய நேர்ந்த எவரும் அதை வெளியிட்டால், ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்றது. ஆலைச் செவிலியரும் இந்த வரையறைக்குள் அடங்குவார் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் ஏட்டில் இருந்த அந்தக் காப்பை ஆலைத் தொழிலாளியின் வாழ்க்கையோடு அவசரப்பட்டு இணைத்துவிடக் கூடாது. புதுச்சேரியின் சவானா மில்லில் 1936 ஜூலை 30 அன்று போராடிய தொழிலாளர்களில் 12 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகே, 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. வேலை நேரத்துக்கே உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த இடத்தில், மருத்துவக் குறிப்பேட்டின் ரகசியத்தைக் கேட்கும் வலு யாருக்கு இருந்திருக்கும்?

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது. 378க்கு ஈடான பொதுப் பிரிவு எதுவும் அதில் இல்லை. ரகசியம் காப்பது தொழில்நெறியின் பொறுப்பாக மட்டும் எஞ்சியது. அதே வேளையில், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் செவிலியரோடு கூடிய மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அந்தச் செவிலியருக்குச் சம்பளம் நிர்வாகம் தருகிறது. அவரை நம்பி வருவதோ தொழிலாளி. இந்த இரட்டைக் கட்டுதான் பின்னர் எச்.ஐ.வி. காலத்தின் அறச்சிக்கலாக முற்றியது.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ரத்தப் பரிசோதனைத் தாள் வேலையைப் பறிக்கும் கருவியாகவும் பயன்பட்டது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் தற்காலிகத் தொழிலாளி இவ்வாறு நீக்கப்பட்ட வழக்கில், 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வேலைக்குத் தகுதியோடு இருப்பவரை, பிறருக்கு ஆபத்தாக இல்லாதவரை, தொற்றைக் காட்டி விலக்கக் கூடாது. அந்தத் தொழிலாளியின் பெயரை மறைத்தே வழக்கு நடந்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மணம் பேசியவரின் பாதுகாப்பை முன்னிட்டு மருத்துவமனை ரகசியத்தை வெளியிட்டதை ஏற்றது. தொற்றுள்ளோரின் திருமண உரிமை பற்றி அது சொன்ன கடுமையான கருத்துகள் 2002இல்தான் விலக்கப்பட்டன. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில், எப்போது பேசலாம், எப்போது பேசக் கூடாது என்பதற்குச் செவிலியர் கையில் உறுதியான விடை இருந்ததாகச் சொல்ல முடியாது.

2001இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பணியிட எச்.ஐ.வி. நெறிமுறையை வெளியிட்டது. 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டுமருந்து சிகிச்சை தொடங்கியது. மருந்து எடுத்துக்கொண்டு பல்லாண்டு வேலை பார்க்க முடியும் என்ற நிலை வந்தபின், 'தகுதியில்லை' என்ற சாக்கு மருத்துவ அடிப்படையை இழந்தது.

2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டமே செவிலியரின் கடமைக்கு வடிவம் தந்தது. அறிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் பரிசோதனை கூடாது. வேலையில் சேர்வதற்குப் பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. சிகிச்சைக்குத் தேவையான இன்னொரு மருத்துவப் பணியாளரிடம் சொல்லலாம். மனிதவள அதிகாரி அந்த வரிசையில் இல்லை. வாழ்க்கைத் துணையிடம் சொல்லும் அதிகாரமும் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு. அதுவும் நிபந்தனைகளோடு. "என் வீட்டுக்காரருக்கு என்ன சிஸ்டர்?" என்று மனைவி கேட்டு நின்றாலும் செவிலியர் சொல்லக் கூடாது. கணவரை ஆலோசகரிடம் அனுப்பி, அவரே சொல்ல முன்வரும்படி துணை நிற்பதுதான் செவிலியர் செய்யக்கூடியது. மௌனத்தைவிடக் கடினமான வேலை இது.

நடைமுறையில் ரகசியம் உடைவது பெரும்பாலும் சிறு விஷயங்களில்தான். மாதாமாதம் மருந்து வாங்க எடுக்கும் விடுப்புக்குக் காரணம் எழுதும்போது அது வெளியேறிவிடும். மேசையில் திறந்து கிடக்கும் கோப்பும் போதும். 'இவருக்கு மட்டும் கையுறை' என்ற பழக்கமும் அப்படித்தான்; எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு கையாள்வதே சரியான முறை. செவிலியர் கையிலேயே ஊசி குத்திவிட்டால், தடுப்பு மருந்தைக் கூடுமானால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவருக்கு அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் அறத்தை மட்டும் எதிர்பார்ப்பது அநீதி.

ரோடியர் மில் என்று ஊர் அறிந்த ஏ.எப்.டி. ஆலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. இன்றைய வேலை மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனைத் தொழிற்பேட்டைகளுக்கு நகர்ந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் நிறைந்த சிறு தொழிலகத்தில் மருத்துவ அறையே கட்டாயமில்லை. எச்.ஐ.வி. சட்டப்படி புகார் அலுவலரை நியமிக்கும் கடமையும் 100 பேர் உள்ள நிறுவனத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே தொழிற்பேட்டைக்கு ஒரு பொதுச் செவிலியர் என்ற ஏற்பாட்டைப் புதுச்சேரி அரசு பரிசீலிக்க வேண்டும். அவருடைய சம்பளம் எந்த ஆலை நிர்வாகத்திடமிருந்தும் வரக் கூடாது.