விரும்பிக் கற்றார், விதித்ததால் வெறுத்தார்!

நள்ளிரவு நெருங்குகிறது, ஆனால் இருள் இல்லை. நேவா ஆற்றின் பாலங்களிலே மக்கள் உலவுகின்றனர். அன்று லெனின்கிராடு என்றும், 1991 முதல் மீண்டும் பீட்டர்ஸ்பர்க் என்றும் வழங்கும் அந்நகருக்கு, ஜூன் திங்களின் இறுதி நாட்கள் வெள்ளிரவுக் காலம். அந்த ஒளியிலே, கையிலே இலக்கண நூலும் நெஞ்சிலே அச்சமுமாக ஓர் அயல்நாட்டு மாணவன் நிற்கிறான். வழி கேட்க வாய் திறக்கிறான். வேற்றுமை உருபு பிழைத்துவிடுகிறது. எதிரே நிற்கும் மூதாட்டி சிரிக்கவில்லை. திருத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டு நடக்கிறாள். அவன் ஓராண்டு வகுப்பறையிலே கல்லாததை அந்த ஒரு நொடியிலே கற்றுவிட்டான்!

கோடை விடுமுறையிலே ரஷ்ய நாடு சென்று, அம்மக்களோடு வாழ்ந்து, அவர்தம் மொழியைக் கற்கும் முறை இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் மூத்தோர் மொழி. ரஷ்ய மொழியிலே நடந்து போவதற்கு ஒரு வினை, ஊர்தியிலே போவதற்கு மற்றொரு வினை. முப்பத்து மூன்று எழுத்துக்களை ஒரு கிழமையிலே பழகிவிடலாம். ஆனால் எந்த இடத்திலே எந்த வினை என்பதைத் தெருவும் கடையும் அடுப்பங்கரையுமே பழக்க வேண்டும்.

புதிய முறை என்று எண்ணாதீர்கள், தோழர்களே! வரலாற்றைப் புரட்டினால் வியப்பு மேலிடும்.

1618இல் ஆங்கிலத் தூதுக்குழுவோடு ரஷ்யாவின் வடபுலம் சென்ற ரிச்சர்டு ஜேம்ஸ் என்பார், பனிக்காலத்தை அங்கே கழித்தார். அவர் ஒரு பாதிரியார். ஆயினும் அவர் குறித்துக்கொண்டு வந்தது மந்திரங்களை அல்ல. மீனுக்கும் படகுக்கும் ஆடைக்கும் பனிக்கும் அம்மக்கள் வழங்கிய சொற்களை. அதன் பின்னர் 1693இல் மாஸ்கோ சென்ற லூடால்ஃப் என்னும் ஜெர்மானியர், பேச்சு ரஷ்ய மொழிக்கு இலக்கணம் வகுத்து, 1696இல் அச்சேற்றினார். எங்கே அச்சேறியது? மாஸ்கோவிலே அல்ல, ஆக்ஸ்ஃபோர்டிலே! எம்மொழியில் எழுதினார்? லத்தீனில்!

ஒரு நாட்டு மக்கள் பேசும் மொழிக்கு அயலான் வந்து, அயல்நாட்டிலே, அயல்மொழியிலே இலக்கணம் எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது? விடையை லூடால்ஃபே சொல்கிறார்: அங்கே பேசுவதற்கு ரஷ்யம், எழுதுவதற்கோ ஸ்லாவோனியம். கோயில் மொழியே கல்வி மொழி. உழவன் வாயிலே பிறந்த சொல்லுக்கு ஏட்டிலே இடமில்லை. மக்கள் மொழியை மதிக்கத் தக்கதென்று கருதாத புலவர் கூட்டம் அங்கும் இருந்தது. இக்கதை நமக்குப் புதிதா?

மடமைக் கோட்டையிலே முதல் உடைப்பை ஏற்படுத்தியவன் பீட்டர் மன்னன். 1708இல், கோயில் நூல்களின் சிக்கலான எழுத்து வடிவை விலக்கி, எளிய வடிவிலே உலகியல் நூல்களை அச்சிடச் செய்தான். அந்த வடிவிலே வெளிவந்த முதல் நூல் வழிபாட்டு நூலன்று, வடிவகணித நூல்!

அடுத்து வந்தான் மக்களிலிருந்தே ஒருவன். ஜேம்ஸ் சொற்களைத் திரட்டிய அதே வடபுலத்திலே, கல்மகோரி அருகே, 1711இல் மீனவக் குடியிலே பிறந்த லொமனோசொவ். மீன் வண்டிகளோடு மாஸ்கோ சென்றான். உழவர் பிள்ளைக்குக் கல்விக்கூடத்திலே இடமில்லை என்பதால் தன்னை உயர்குடி மகன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தான். அறிவு வேண்டுமென்றால் பிறப்பை மறைக்க வேண்டும்! ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வேதனையை விளக்கவும் வேண்டுமா? அவனே பின்னாளில் ரஷ்ய மொழிக்கு ரஷ்ய மொழியிலேயே பேரிலக்கணம் எழுதினான். அது 1757இல் அச்சாயிற்று. 1755இல் மாஸ்கோ பல்கலைக்கழகம் எழுந்ததற்கும் அவனுடைய திட்டமே தூண். அங்கேயும் தொடக்கத்தில் லத்தீனே கோலோச்சிற்று. 1760களின் பிற்பகுதியிலேதான் தாய்மொழி மேடையேறிற்று.

கோடைப் பள்ளிக்கு வரும் மாணவன் முதல் நாளே கற்கும் இரு சொற்கள் ‘தி’, ‘வி’ என்பன. நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்றவை. இலக்கணத்துக்கு இவை வெறும் முன்னிலைப் பெயர்கள். வரலாற்றுக்கோ இரத்தம் தோய்ந்த சொற்கள்! ஜார் மன்னனின் படையிலே அதிகாரி சிப்பாயை ‘நீ’ என்பான். சிப்பாயோ அதிகாரியை ‘மேன்மை தங்கியவரே’ என வாய் மணக்க அழைக்க வேண்டும். 1917 மார்ச்சுத் திங்களிலே, புரட்சி வெடித்தவுடன், பெத்ரோகிராடு சோவியத்து பிறப்பித்த முதற் கட்டளையிலேயே, சிப்பாயை ‘நீ’ என்று அழைப்பது தடுக்கப்பட்டது. அதிகாரிகளின் புகழ்ப்பட்டங்களும் ஒழிக்கப்பட்டன. நரை கண்ட பெரியவரைச் சேரிக்காரர் என்பதால் ‘டேய்’ என்று சிறுவன் அழைத்த ஊர்களிலே பிறந்தவர் நாம். ஒரு சொல்லுக்காகக் கட்டளை பிறப்பித்தவர்களின் உள்ளம் நமக்குப் புரியும். தன்மானம் முதலில் பிறப்பது விளியிலேதான்!

1918இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஒலிக்காத எழுத்துக்களும், ஒரே ஒலிக்கு இரண்டாக நின்ற எழுத்துக்களும் வெளியேறின. ‘மொழி அழிந்தது’ என்று பழைமைப் பித்தர் ஓலமிட்டனர். மொழி அழியவில்லை; கோடிக்கணக்கானோர் கையிலே எழுதுகோல் ஏறிற்று. 1935இல் ‘குடி அரசு’ ஏட்டிலே தந்தை பெரியார் தமிழெழுத்தைச் சீர்திருத்தியபோதும் இதே ஓலத்தைக் கேட்டோம்.

1957 அக்டோபரிலே விண்ணிலே ஏறியது ஸ்புட்னிக். ரஷ்ய மொழியைப் பொருட்படுத்தாதிருந்த அமெரிக்கா திடுக்கிட்டு எழுந்தது. 1958 ஜனவரியிலே இரு நாடுகளும் பண்பாட்டுப் பரிமாற்ற உடன்படிக்கை கண்டன. அமெரிக்க மாணவர்கள் ரஷ்ய மண்ணிலே மொழி கற்கும் வாய்ப்பு விரிந்தது. 1960இல் மாஸ்கோவிலே மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் எழுந்தது. மறு ஆண்டு, கொல்லப்பட்ட காங்கோ தலைவர் லுமும்பாவின் பெயரைத் தாங்கிற்று. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் ஈன்ற ஏழைப் பிள்ளைகள், மருத்துவமோ பொறியியலோ தொடங்குமுன் ரஷ்ய மொழியைப் பயின்றனர். 1966இல் அயலார்க்கு ரஷ்யம் கற்பிக்கவென்றே புஷ்கின் பெயரால் ஒரு நிலையம் தோன்றிற்று. பகைவராக வளர்க்கப்பட்டவர்கள் ஒரே மேசையிலே ரொட்டியைப் பகிர்ந்தபோது, அச்சுறுத்தும் பூதமாகச் செய்தித்தாள் காட்டிய ‘ரஷ்யன்’, பேரனுக்குச் சோறூட்டும் பாட்டியாக மாறினான்.

இவ்வளவோடு நிறுத்தினால் அது புகழ்ச்சி, வரலாறு ஆகாது. நாணயத்தின் மறுபக்கத்தையும் நாம் பார்த்தே தீர வேண்டும்.

கோயில் மொழியின் பிடியிலிருந்து விடுபட்ட அதே ரஷ்யம், பிறர் தோளிலே நுகத்தடியாகவும் ஏறிற்று. 1863இலும் 1876இலும் ஜார் ஆட்சி உக்ரைனிய மொழி நூல்களுக்குத் தடை விதித்தது. புரட்சி அத்தடைகளைத் துடைத்தது உண்மை. ஆனால் 1938 மார்ச்சிலே, ரஷ்யரல்லாதார் பள்ளிகள் அனைத்திலும் ரஷ்யம் கட்டாயம் என்று மாஸ்கோ கட்டளையிட்டது. அடுத்த திங்களே சென்னை மாகாணத்திலே கட்டாய இந்திக்கு ஆணை பிறந்தது! ஆட்சிக் கொள்கைகள் வேறு வேறு. ‘கட்டாயம்’ என்ற சொல் மட்டும் ஒன்றே.

1978 ஏப்ரல் 14. ஜார்ஜிய மொழிக்கு அரசியல் சட்டத்திலே இருந்த ஆட்சிமொழித் தகுதியை நீக்க முயன்றபோது, திபிலிசி நகரத் தெருக்களிலே மாணவர் வெள்ளம் திரண்டது. வல்லரசு பின்வாங்கிற்று, ஜார்ஜிய மொழி தன் இடத்தில் நிலைத்தது. அந்த மாணவர்கள் ரஷ்ய மொழி அறியாதவர்களா? அறிந்தவர்களே! புஷ்கினைப் படித்தவர்களே! அவர்கள் எதிர்த்தது மொழியை அன்று, மொழியின் பெயரால் வந்த மேலாண்மையை.

2022இல் ரஷ்யா உக்ரைன்மீது பெரும்போர் தொடுத்த பின்னர், மேலைநாட்டுக் கல்லூரிகள் பல தம் மாணவரை ரஷ்யாவுக்கு அனுப்புவதை நிறுத்தின. ரஷ்யம் கற்க விழையும் அம்மாணவர் இன்று எங்கே செல்கின்றனர்? அல்மாத்திக்கு, ஏரெவானுக்கு, ஆம், அதே திபிலிசிக்கும்! திணித்தபோது தெருவிலே திரண்ட நகரம், விரும்பி வருவோர்க்கு வீட்டுக் கதவைத் திறக்கிறது. மொழி அதுவே, இலக்கணமும் அதுவே. மாறியது ஒன்றே: அன்று ஆணை வந்தது, இன்று ஆர்வம் வருகிறது.

இளைஞர்களே! பல மொழி கற்பீர். பல நாடு காண்பீர். பாட்டிமார் திருத்தத் திருத்தப் பிழையோடு பேசிப் பழகுவீர். ‘உலகத்தோடு ஒட்ட வாழவில்லை’ என்று நம்மைப் பழிப்போர்க்கு அதுவே மறுமொழி. ஆனால் எம்மொழியாயினும், கட்டளையாக வந்து நம் வாயிலிலே நின்றால், திபிலிசியின் தெருவை நினைவிற்கொள்வீர்!